உழைத்துச் சம்பாதித்த கிரிப்டோவில் ஒரு கிலோ அரிசி வாங்க முடியவில்லை

"இனி டீக்கடையிலும் பிட்காயின்தான்" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. எந்த டீக்கடை? எந்த ஊரில்? கோயம்புத்தூரில் காந்திபுரத்தில் தொடங்கி சிங்காநல்லூர் வரை நடந்து, வாங்கிக்கொள்கிற ஒரே ஒரு கடையைக் காட்டட்டும், பார்க்கலாம்.

நான் வெளிநாட்டுக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவன். சிலர் யுஎஸ்டிடி என்கிற கிரிப்டோ காயினில்தான் பணம் தருவார்கள். ஒரு காயின் ஒரு டாலர் என்று நிற்பது அது. சூதாடி வந்ததில்லை, ராத்திரி கண் விழித்து வாங்கிய கூலி. அதை வைத்துக்கொண்டு தெருமுனைக் கடையில் அரிசி பருப்பு வாங்க வழியில்லை.

அண்ணாச்சியை நான் குறை சொல்லவே மாட்டேன். கல்லாவில் க்யூஆர் அட்டை இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அடுத்த நொடி பெட்டி சத்தமாகத் தொகையைச் சொல்கிறது, கமிஷனும் கிடையாது. 2016-இல் வந்த யுபிஐ இவ்வளவு செய்து கொடுத்த பிறகு அவர் எதற்கு இந்தத் தலைவலியை வாங்க வேண்டும்? பிட்காயினில் பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதிகிற ஒரு பிளாக் சேரவே சராசரியாக 10 நிமிடம். கூட்டம் கூடினால் கட்டணமும் ஏறும். 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்கு 20 டாலர் வரை போனது என்று கேம் விற்கிற ஸ்டீம் தளமே பிட்காயின் வாங்குவதை நிறுத்திவிட்டது. பிட்காயினை நொடியில் அனுப்ப லைட்னிங் என்கிற தனி வழி இருக்கிறதே என்பார்கள். சரி, வேகம்தான். ஆனால் காலையில் வாங்கிய பிட்காயின் சாயங்காலம் விலை இறங்கினால் மொத்த வியாபாரிக்கு அண்ணாச்சி எதைக் கொடுப்பார்?

மத்திய அமெரிக்காவில் இருக்கிற எல் சால்வடார் நாட்டில் அரசாங்கமே இறங்கிப் பார்த்தது. 2021 செப்டம்பரில் பிட்காயினை நாணயமாக்கி, கடைக்காரர்கள் வாங்கியாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி, அதற்கான அரசாங்க ஆப்பை இறக்கியவர்களுக்கு 30 டாலரும் கொடுத்தார்கள். அதைச் செலவழித்ததோடு பெரும்பாலானவர்கள் ஆப்பைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தையே நீக்கினார்கள். இதையெல்லாம் வீடியோவில் ஏன் சொல்வதில்லை?

இங்கே நம் சட்டம் வேறு. 2018-இல் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ ஆட்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்பாடா என்று இருந்தால் 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ், அப்புறம் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். லாட்டரிப் பரிசுக்குப் போடுகிற அதே 30. ஒன்றில் நஷ்டப்பட்டால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. நாளைக்கே ஒரு கடை பிட்காயின் வாங்கினாலும், சட்டை வாங்கக் கொடுக்கும் பிட்காயினும் வரிக் கணக்கில் விற்ற மாதிரிதான். வாங்கிய விலை என்ன, கொடுத்த அன்றைய விலை என்ன என்று ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கு எழுத வேண்டும். காய்கறி வாங்குகிறவன் இதை எந்த ஆடிட்டரிடம் கொண்டுபோவான்?

ஆக, ரூபாயாக மாற்றித்தான் சாப்பிட வேண்டும். அங்கேதான் அடி. ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கிற பி டூ பி-யில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் காயினை விற்றேன், ரூபாய் வந்தது, முடிந்தது என்று நினைத்தேன். அந்த ரூபாய் வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாம். புகார் போனதும் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். புகாரில் இருந்த தொகையை மட்டும் இல்லை, முழுக் கணக்கையும்! அம்மாவின் மருந்துக்கு வைத்திருந்ததும் அதில்தான். வீட்டுக் கடன் தவணை திரும்பியது, அதற்கு அபராதம் வேறு. வங்கியில் போய் நின்றால், "எங்க கையில ஒண்ணும் இல்ல சார், அந்த ஊர் சைபர் கிரைம்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். அந்த ஊர் ஸ்டேஷனில் போனை எடுத்தால் இந்தியில் பேசி வைத்துவிடுகிறார்கள்.

பணத்தை இழந்தவருக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. புகாரில் உள்ள தொகையை நிறுத்தி வையுங்கள். மீதியை விடுங்கள். எந்தப் புகார், எந்த அதிகாரி என்று எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்ல உள்ளூர் ஸ்டேஷனிலேயே வழி செய்யுங்கள். வரி மட்டும் தவறாமல் வாங்குகிற அரசாங்கம் இவ்வளவாவது செய்தே ஆக வேண்டும்.