கலப்பு பின்னப் பெருக்கல்: ஒரு திருத்தம்

முழு எண்ணை முழு எண்ணோடும், பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கினால் போதும், அதனால் 2½ × 3½ = 6¼ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அந்த வழி கூட்டலுக்குத்தான் பொருந்தும். சரியான விடை 8¾.

முதலில் தகா பின்னமாக, அதாவது தொகுதி (மேல் எண்) பகுதியைவிட (கீழ் எண்) பெரிதாக உள்ள பின்னமாக, மாற்ற வேண்டும். 2½க்கு 2 × 2 + 1 = 5, ஆக 5/2. அதேபோல் 3½ என்பது 7/2. தொகுதிகளைப் பெருக்கினால் 35, பகுதிகளைப் பெருக்கினால் 4. 35/4 = 8¾.

சந்தேகம் இருந்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். இரண்டு கட்ட நீளத்தை 1 என்று வைத்து, 2½க்கு 5 கட்டமும் 3½க்கு 7 கட்டமுமாக ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே 35 சிறு கட்டங்கள் இருக்கும். நான்கு சேர்ந்தால் ஒரு சதுர அலகு. 2 × 3 எடுத்துக்கொள்வது 24 கட்டம், மூலையில் உள்ள ½ × ½ ஒரே ஒரு கட்டம். மீதி 10 கட்டங்கள்தான் 2 × ½, ½ × 3 ஆகிய இரண்டு பட்டைகள். 6¼ என்ற விடையில் விடுபட்டுப்போவது அந்த 10 கட்டங்கள், அதாவது 2½ சதுர அலகுதான்.

வரைய நேரமில்லையா? 2½ × 3 என்பதே 7½. 3½ ஆல் பெருக்கும்போது விடை அதைவிடக் குறைய வழியே இல்லை.