வினிகரையும் சோடாவையும் ஒன்றாக ஊற்றாதீர்கள்

செலவில்லாமல் வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்களில் திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான் வருகிறது. சிங்க்கில் ஆப்ப சோடாவைக் கொட்டுவார்கள், மேலே வினிகரை ஊற்றுவார்கள், புஸ்ஸென்று நுரை பொங்கும், அடுத்த நொடி பளபளவென்று ஒரு சிங்க்கைக் காட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. மாசக் கடைசியில் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகளில்தான் இந்தக் குறிப்புகளைத் தேடிப் பார்க்கிறார்கள், அவர்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு பொருளும் அந்த நுரையோடு சேர்ந்து வீணாகப் போகிறது.

சோடா காரம், வினிகர் அமிலம். சேர்த்து ஊற்றினால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு, கோலி சோடாவை உடைத்தால் சீறிக்கொண்டு வருமே, அதே வாயு. நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அது எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்காது, உப்புக் கறையையும் கரைக்காது. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே அருமையான பொருள்கள். எதை எங்கே போடுவது என்று தெரிந்தால் போதும், அதற்கு அழுக்கு எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் பெரிய தொல்லை போர் தண்ணீர். குழாயின் கழுத்தில் வெள்ளை வளையம், பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரப்பு, பாத்ரூம் டைல்ஸில் மங்கலான படலம். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் படிந்து இறுகியதுதான் அது. சோப்புப் பவுடரைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கை வலிக்குமே தவிர கறை அசையாது, ஏனென்றால் சோப்பும் காரப் பக்கத்தைச் சேர்ந்தது. இதற்குப் புளிப்புதான், அதாவது அமிலம்தான் வேண்டும். ரசத்துக்குக் கரைத்தது போக மிஞ்சுகிற புளிச் சக்கை, சாறு பிழிந்த எலுமிச்சை மூடி, இரண்டையும் குப்பையில் போடாதீர்கள். எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து அந்த வெள்ளை வளையத்தின் மேல் அழுத்தி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது கவனித்துப் பார்த்தால் மூடியின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் நிற்கும். கறை கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கல்லாக இருந்த படிவு குழைந்து, நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். ஷவரில் அடைப்பு என்றால் ஒரு பாலித்தீன் பையில் வினிகர் ஊற்றி அதன் தலை முங்குகிற மாதிரி கட்டிவிடுங்கள். கடையில் விற்கிற வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம்தான், அதனால் அவசரப்படாமல் ஊறவிட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஆனால் புளிப்பை எல்லா இடத்திலும் ஊற்றக் கூடாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தரைக்கெல்லாம் வினிகர் போடச் சொல்கிறார்கள். நம் பழைய வீடுகளில் சமையல் மேடை கடப்பா கல், தரை மொசைக். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல், மார்பிளும் அதே இனம், மொசைக்கில் இருப்பதும் சிமெண்ட்டும் மார்பிள் துண்டுகளும். உப்புக் கறையைக் கரைக்கிற புளிப்பு இந்தக் கல்லையும் கரைக்கும். கடப்பா மேடையில் எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்த இடத்தில் வட்டமாக ஒரு மங்கல் தடம் விழுகிறதே, அது கறையே இல்லை, கல்லின் மேல்பூச்சு அரித்துப்போன இடம். எவ்வளவு துடைத்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. கிரானைட் மேடைக்கு இந்தப் பயம் குறைவு. கடப்பாவுக்கும் மொசைக்குக்கும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து துடைத்தாலே போதும்.

அலுமினிய குக்கரில் இட்லி வேகவைத்தால் உள்ளே கறுத்துப்போகும். அடியில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சை மூடியோ போட்டுவிடுங்கள், கறுக்காது. ஏற்கெனவே கறுத்திருந்தால் அதே புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டால் தெளியும்.

இனி எண்ணெய்ப் பிசுக்கு. இங்கே புளிப்பு உதவாது, காரம்தான் வேலை செய்யும். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸ், எக்ஸாஸ்ட் பேன், ஜன்னல் கம்பி, தாளித்த புகை வருஷக்கணக்கில் படிந்து தூசியோடு சேர்ந்து தார் போல ஆகியிருக்கும். இதற்கு ஆப்ப சோடாவை வாங்கிக் கொட்டுவதைவிடச் சலவை சோடா நல்லது. ஆப்ப சோடா ரொம்ப மென்மையான காரம், காரம் எவ்வளவு கடுமை என்று காட்டுகிற பிஎச் அளவில் 8-க்குச் சற்று மேலே. சலவை சோடா 11-க்குப் பக்கத்தில் நிற்கும், விலையும் மலிவு. நல்ல வெந்நீரில் இரண்டு மூன்று ஸ்பூன் கரைத்து, துணியை அதில் நனைத்துப் பிசுக்கின் மேல் ஒட்டிவையுங்கள். சூடு முக்கியம், பச்சைத்தண்ணீரில் செய்தால் பாதி வேலைகூட நடக்காது. பத்து நிமிடம் கழித்து வழித்தால் கொழகொழவென்று வரும், காரமும் எண்ணெயும் சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறியிருக்கும். நம் பாட்டிகள் அடுப்புச் சாம்பலில் பாத்திரம் தேய்த்ததும் இதே கணக்குதான், சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. கையில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் இருக்கிற எண்ணெயையும் சலவை சோடா விட்டுவைக்காது. அலுமினியத்தில் மட்டும் இதைப் போடாதீர்கள், கறுத்து அரித்துவிடும். பேன் இறக்கை அலுமினியம் என்றால் வெந்நீரும் பாத்திர லிக்விடும் போதும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் கல் உப்பும் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் விடுவது கடைசி வேலையை. புளிப்பு போகும்வரை கழுவி, உடனே ஈரமில்லாமல் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டே நாளில் பச்சை பூக்கும். வெள்ளி விளக்குக்கு விபூதி. கீறாமல் மெருகு ஏறும்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டால் மஞ்சள் கறைக்குச் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும், அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். துவைத்து நல்ல வெயிலில் கறை மேலே தெரிகிற மாதிரி காயப்போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலைத் தாங்காது, மங்கிவிடும்.

இப்போது நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியிலும் பாத்ரூமிலும் மழைக்காலத்தில் பிடிக்கிற பாசிக்கு ப்ளீச்சிங் பவுடரை மிஞ்ச எதுவும் இல்லை. தூவி, ஈரத்தோடு கொஞ்ச நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் வழுக்கல் போய்விடும். இது ஒன்று தனியாக இருக்கும்வரை சரி. "சீக்கிரம் வெளுக்கட்டும்" என்று இதன் மேலேயே ஆசிட்டையோ, கழிப்பறை கழுவுகிற திரவத்தையோ ஊற்றுகிறார்கள் பாருங்கள், அது உயிரோடு விளையாடுவது. அந்தத் திரவங்களில் பலவற்றில் இருப்பது 10 சதவீதம் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே விஷவாயு. காற்றைவிடக் கனமானது, அதனால் மேலே போகாமல் தரையோடு தங்கும். பாத்ரூமைக் குனிந்து, உட்கார்ந்து தேய்க்கிறவரின் மூக்குக்கு நேராக. வினிகர்கூட ப்ளீச்சோடு சேர்ந்தால் இதே வாயுவைத்தான் கிளப்பும்.

2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது, வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆசிட் வீச்சைத் தடுக்கத்தான் அந்த உத்தரவு. ஆனால் ஆசிட்டே வாங்காத வீட்டிலும் கழிப்பறைத் திரவமும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றைப் போட்டால் முழுக்கக் கழுவிவிட்டு, மற்றதை வேறொரு நாள் போடுங்கள். உங்கள் வீட்டில் பாத்ரூம் கழுவுவது வேலைக்கு வருகிற அக்கா என்றால் இதை அவரிடம் வாயால் சொல்லுங்கள், லேபிளில் பொடி எழுத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அவர் படித்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நெடி ஏறி, கண் எரிந்து, இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வரலாம் என்று அங்கேயே நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு அடைத்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், எதையும் எதையும் கலந்தோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.