தலை சிடி ஸ்கேன் நார்மல் என்பதால் பிள்ளை நடிக்கிறது என்று ஆகாது

"அழும்போது கை மரத்துப்போகிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது, சிடி நார்மல், ஆகவே பிள்ளை நடிக்கிறது" என்று, பிள்ளைக்கு என்னவென்று இங்கே கேட்டவருக்கு ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். தப்பு. சாதாரண சிடி ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும். ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது அதில் பெரும்பாலும் பிடிபடாது.

மொயமொயா என்றொரு அரிய நோய் இருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் மெல்ல மெல்ல அடைபட, மூளையின் அடிப்பகுதியில் நூல் நூலாகக் குழாய்கள் கிளம்பும். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ படத்தில் அது புகை மாதிரி தெரியும். ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தகாகுவும் 1969-இல் விவரித்தது. இந்தப் பிள்ளைகள் தேம்பி அழுதாலோ சூடான நூடுல்ஸை ஊதி ஊதித் தின்றாலோ ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக் குழாய்கள் சுருங்கும், ஒரு பக்கக் கை கால் சற்று நேரம் தளரும். அழுகையில் வருகிறது என்பதுதான் இங்கே துப்பே!

கேட்க வேண்டியது எம்ஆர்ஐயும் (காந்தப்புல ஸ்கேன்) எம்ஆர் ஆஞ்சியோவும் (அதே முறையில் ரத்தக்குழாய்களைப் பார்ப்பது). அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது (அந்தப் பயத்தையும் ஒருவர் கிளப்பியிருக்கிறார்). சின்னப் பிள்ளை அசையாமல் படுக்காது, மயக்க மருந்து தேவைப்படலாம். அப்படியானால் மொயமொயாவாக இருக்குமோ என்ற சந்தேகத்தை மயக்க மருத்துவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். வலிப்பு, ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம்தான். அதைக் குழந்தை நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும், நாம் வேண்டாம்.