பினாங்கில் இதற்கு அவசியம் இல்லை

தண்ணீரில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் தாதுக்களை எடுத்து அதை மென்மையாக்கும் கருவி எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் வருகிறதே, அது பினாங்குக்குப் பொருந்தாது. இங்கே குழாயில் வருவதில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர், சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர் இல்லை. பட்டர்வொர்த்தில் எங்கள் கெட்டிலுக்கு ஏழு வயது. அடியில் வெள்ளைப் பொருக்கு என்று எதையும் இதுவரை சுரண்டியதில்லை. ஈப்போவில் குன்றடியில் கிணறு வைத்திருக்கும் மாமா வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர், பில்டர் பழுப்பாகிறது, அதனால் இது கடின நீர்தான், அதாவது அந்தத் தாதுக்கள் மிகுந்த நீர்தான் என்கிறார். அது பழைய குழாயின் துருவும் சேறும். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மணல் பில்டரில் நிற்கவும் நிற்காது. அதைப் பிடிக்க ரெசின் என்கிற சின்னச் சின்ன மணிகள் வேண்டும், அந்த ரெசினுக்கு அவ்வப்போது உப்புத் தண்ணீர் விட வேண்டும். போன வருடம் தண்ணீர்க் கருவி விற்கும் ஒருவர் வந்து இரண்டு கிளாஸில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் குழாய்த் தண்ணீர் காப்பி நிறமானது, அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் (நுண்சவ்வு வழியே தாது நீக்கியது) தெளிவாகவே இருந்தது. கரைந்தது அவருடைய இரும்புக் கம்பிதான்! தாது இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவுதான் வித்தை. என் மகள் அவர் கிளாஸிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். அதுவும் காப்பியானது. மனிதர் சத்தமில்லாமல் பையைக் கட்டினார்.