ஸ்விஃப்ட்டின் பின்சீட்டில் அம்மா

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் கார் பேச்சுதான். பதினொரு வருடம் ஓடிய பழைய வண்டிக்கு இனிமேல் செலவு செய்வதில் பிரயோஜனம் இல்லை என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். நான்கு மீட்டருக்குள் ஒரு பெட்ரோல் வண்டி, பட்ஜெட்டுக்குள் வர வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை என்னுடையது. "கார் ஓடினா போதாதா, அழகு எதுக்கு?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இன்னும் பத்து வருடம் தினமும் காலையில் வாசலில் நிற்கப்போகிற பொருள். பிடித்ததாக இருக்கட்டுமே.

மச்சான் இந்த வருடம் மாருதி ஸ்விஃப்ட் எடுத்தார். 2024 மே மாதம் வந்த நாலாவது தலைமுறை, இசட்எக்ஸ்ஐ, மேனுவல் கியர். ஏப்ரலில் ஒரு வாரம் அவர் வெளியூர் போக வேண்டியிருந்தது. "ஷோரூம்ல பத்து நிமிஷம் ஓட்டி என்ன தெரியும் மாமா? ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட் வரை என் தினசரி ஓட்டம். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. சாயங்காலம் காட்பாடி போய் மகளைக் காலேஜிலிருந்து கூட்டி வர வேண்டும். அதாவது கிரீன் சர்க்கிள் சந்திப்பு, பாலாற்றுப் பாலம், திரும்பவும் கிரீன் சர்க்கிள். நடுவில் அம்மாவை சிஎம்சி ஆஸ்பத்திரிக்கோ தொரப்பாடி பெரியம்மா வீட்டுக்கோ கூட்டிப் போவது. நெடுஞ்சாலை, ஊர் நெரிசல், சந்து மூன்றும் ஒரே நாளில் வந்துவிடும். ஒரு சின்ன காரைச் சோதிக்க இதைவிட நல்ல ரூட் கிடையாது.

முதலில் அழகு. 2005 மே மாதம் ஸ்விஃப்ட் முதன்முதலாக நம் நாட்டில் வந்தபோது எனக்கு வேலை கிடைத்த புதுசு. ஆபீசர்ஸ் லைனில் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் நிற்க, அதைச் சுற்றி நாலு பேர் நின்று பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை சின்ன கார் என்றால் டப்பா மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்தும் அந்த முகவெட்டை மாருதிக்காரர்கள் விடவில்லை. கறுப்புத் தூண்கள், அதன்மேல் தனியாக மிதப்பது போன்ற கூரை, புடைத்த பின்பக்க வீல் வளைவு. இந்தப் புது மாடலில் பானெட்டின் விளிம்பு பக்கவாட்டிலும் இறங்கி ஒரு கோடாக ஓடுகிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். மகள் மூன்று நாளில் முப்பது போட்டோ எடுத்தாள்.

ஓட்டுவது அதைவிட சந்தோஷம். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, லேசான கிளட்ச், சொன்ன பேச்சைக் கேட்கிற ஸ்டீயரிங். 3,860 மில்லிமீட்டர் நீளம், 4.8 மீட்டர் திருப்ப ஆரம். இந்த எண்ணெல்லாம் மண்டித் தெருப் பக்கம் போனால்தான் உயிர் பெறும். லோடு இறக்கும் மினி வேன் ஒரு பக்கம், தள்ளுவண்டி ஒரு பக்கம் நிற்க, பழைய வண்டியில் நான் மூன்று முறை முன்னே பின்னே எடுத்துத் திருப்பும் ஒரு முனை இருக்கிறது. இதில் ஒரே மூச்சில் திரும்பிவிட்டேன். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என்ஜினைப் பற்றி நிறைய பேர் பயமுறுத்தினார்கள். முந்தைய மாடலில் நாலு சிலிண்டர், 90 பிஎஸ் சக்தி. இதில் மூன்று சிலிண்டர், 82 பிஎஸ். நின்றிருக்கும்போது கியர் லீவரில் கை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிகிறது, அது உண்மை. ஆனால் இழுவைத் திறன் 113 நியூட்டன் மீட்டரிலிருந்து 112 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கிரீன் சர்க்கிள் நெரிசலில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போகிறது, திணறவில்லை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்வண்டி நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளாமல் ஹில் ஹோல்ட் சில நொடி பிடித்துக்கொள்கிறது. பின்னால் வருகிற பைக்காரர் நம் பம்பரை ஒட்டித்தான் நிற்பார் என்பதால் அது பெரிய நிம்மதி. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட மட்டும் ஒரு கியர் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய நாலு சிலிண்டர் வழுக்கிக்கொண்டு போகும் சுகம் இதில் இல்லை. அது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

மைலேஜுக்காக டேங்கை வழிய நிரப்பி ஆரம்பித்து, வாரக் கடைசியில் அதே பங்கில் மறுபடி நிரப்பினேன். 312 கிலோமீட்டர், 17 லிட்டர். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல். சான்றிதழில் இருப்பது 24.8. ஆய்வகத்தில் ஏசி போட்டுக்கொண்டு கிரீன் சர்க்கிளில் நிற்கமாட்டார்கள் இல்லையா? சித்திரை வெயிலில், முழு நேரமும் ஏசியில், இந்த எண் எனக்குத் திருப்தி.

இதுவரை படித்தவர்கள் நான் புக் பண்ணிவிட்டேன் என்று நினைப்பீர்கள். புதன்கிழமை வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை அம்மாவைத் தொரப்பாடிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தி மூன்று வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். வண்டியில் ஏற அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் இடது கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடிப்பார், பக்கவாட்டாக உட்கார்வார், பிறகு ஒவ்வொரு காலாகக் கையாலேயே தூக்கி உள்ளே வைப்பார். ஸ்விஃப்ட்டின் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில்தான் அதன் அழகே இருக்கிறது. அதனால் அம்மா குனிய வேண்டியிருந்தது. சீட்டும் தாழ்வு. குனிந்துகொண்டே இறங்கி உட்கார்வது என்பது முழங்கால் நல்லபடியாக இருப்பவர்களுக்கு ஒரு நொடி வேலை. அம்மாவுக்கு அது ஒரு நிமிடம், முகத்தில் வலி, நெற்றி லேசாக விளிம்பில் இடித்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் போகும் வழியில் ஒன்று கேட்டார். "கோட்டை வந்துடுச்சாப்பா?" நாங்கள் கோட்டையைத் தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. வேலூரில் எழுபது வருடம் வாழ்ந்தவர், அகழியையும் மதிலையும் பார்க்காமல் அந்த ரோட்டைக் கடந்திருக்கிறார். "தாண்டிட்டோம்மா" என்றேன். "வண்டி நல்லாத்தான் கீது. வெளியதான் ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றார்.

தொரப்பாடியில் அம்மாவை இறக்கிவிட்டு நானே பின்சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலின் கீழ்க்கோடு பின்னால் போகப்போக மேலே ஏறுகிறது. வெளியிலிருந்து பார்க்க வண்டி பாய்வது போல இருப்பதற்கு அந்த ஏறுமுகக் கோடுதான் காரணம். உள்ளே அதே கோடு என் தோளுக்கு வந்தது. ஐந்தடிக்கும் குறைவான அம்மாவுக்குக் கிட்டத்தட்ட கண் மட்டம். அதற்குப் பின்னால் தடித்த தூண். உள்ளே எல்லாம் கறுப்பு. கால் நீட்ட இடம் ஓரளவுக்கு இருக்கிறது, பின்னால் ஏசி காற்று வருகிறது, அதெல்லாம் சரி. ஆனால் வெளிச்சம் இல்லை. வெளியே நாற்பது டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கிறது.

2018 மாடலில் பின்கதவின் கைப்பிடியைத் தூணுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். இரண்டு கதவு கார் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. பெரியவர்கள் கதவருகே நின்று கைப்பிடியைத் தேடுவதைக் கல்யாண மண்டப வாசல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2024 மாடலில் அதைப் பழையபடி கதவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அழகில் ஒரு துளியும் குறையவில்லை. அப்படியென்றால் ஜன்னலையும் இரண்டு விரல் இறக்க முடியும்தானே? எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் அதுதான். சின்ன காரில் ஸ்டைல் என்று நாம் பாராட்டுவதில் பெரும்பங்கு பின்சீட்டில் இருப்பவரின் வெளிச்சத்திலிருந்தும் தலைக்கு மேல் இடத்திலிருந்தும் வெட்டி எடுத்தது. ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. தெரிய வேண்டுமானால் அவன் ஒரு தரம் பின்னால் உட்கார வேண்டும்.

அம்மாவை முன்சீட்டுக்கு மாற்றிப் பார்த்தோம். அவருக்கு நன்றாக இருந்தது. இப்போது பின்னால் போன என் மனைவிக்குக் குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் தலைசுற்றல். அது ஞாயிற்றுக்கிழமை, உறவில் ஒரு முகூர்த்தம். டிக்கி 265 லிட்டர். சீர் சாமான் பைகளும் ஒரு குத்துவிளக்குப் பெட்டியும் போனதும் நிறைந்துவிட்டது. திரும்பும்போது 26 கிலோ அரிசி மூட்டை ஒன்று. டிக்கியின் வாசல்படி உயரம், உள்ளே தரை பள்ளம். மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி, அப்புறம் உள்ளே இறக்க வேண்டும். நான் செய்துவிடுவேன், மனைவியால் முடியாது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஏர்பேக் வைத்த பழைய ஸ்விஃப்ட்டுக்கு 2022 டிசம்பரில் குளோபல் என்காப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம். புது மாடலில் அடிப்படை வகையிலிருந்தே ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி எல்லாம் உண்டு. இதே குடும்பத்து டிசையர் 2024 நவம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதை வைத்து ஸ்விஃப்ட்டும் அப்படித்தான் என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். எந்த வண்டி வாங்கினதோ அந்த வண்டிக்குத்தான் நட்சத்திரம். லாரிகளுக்கு நடுவே தினமும் ராணிப்பேட்டை போகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விலை சமாச்சாரம் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு 28, மேலே செஸ் என்ற கூடுதல் வரி ஒரு சதவீதம். வாங்குகிறவர்களுக்கு நல்ல நேரம். ஆனால் கொட்டேஷனை வரிக்கு வரி படியுங்கள். நான் போன ஒரு ஷோரூமில் கேட்காமலேயே ஆக்சஸரீஸ் பேக்கேஜ் என்று ஒரு தொகை சேர்த்திருந்தார்கள், இன்சூரன்ஸும் அங்கேயே போட வேண்டும் என்றார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. இன்சூரன்ஸை நமக்குப் பிடித்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பொறுமையாக எடுத்துச் சொன்னதும் இரண்டையும் நீக்கிவிட்டார்கள்.

தனியாகவோ இரண்டு பேராகவோ தினமும் போய் வருகிறவர்களுக்கு இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காட்பாடி பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தாராளமாக வாங்கலாம். இத்தனை அழகும் ஓட்டுகிற சுகமும் சிக்கனமும் சேர்ந்து இந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். மனசைக் கேட்டால் இன்றைக்கும் அந்த வண்டிதான் என்கிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மச்சானிடமும் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் பின்சீட்டு காலியாக இருக்காது. அதனால் புக் பண்ணவில்லை. அடுத்து டாடா ஆல்ட்ரோஸ் பார்க்கப் போகிறோம். அதன் கதவு தொண்ணூறு டிகிரி திறக்கும், 2020 ஜனவரியில் குளோபல் என்காப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, லட்சணமும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டெஸ்ட் டிரைவ். இந்த முறை ஓட்டுவது மகள். பின்சீட்டில் அம்மாவும் நானும். ஷோரூமிலிருந்து நேராகக் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று விடச் சொல்லியிருக்கிறேன்.