ஒரு தரம், ரெண்டு தரம், பூசணிக்காய்

பொருளாளர்: 4,200 ரூபாய், பெரியம்மா. ரசீது போட்டாயிற்று.

பெரியம்மா: எதற்குப்பா?

பொருளாளர்: நேற்று நம் சர்ச் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாய் வந்த காய்கனியை ஏலம் விட்டபோது பூசணிக்காய் எடுத்தீர்களே, அதற்கு.

பெரியம்மா: நான் எங்கே எடுத்தேன்? நான் கொடுத்தேன். எங்கள் கொல்லையில் காய்த்த முதல் காய். கழுவித் துடைத்து, தலையில் சுமந்து வந்து பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

பொருளாளர்: வைத்தது வேறு கணக்கு, எடுத்தது வேறு கணக்கு. "யாருக்கு, யாருக்கு" என்று கேட்டபோது கையைத் தூக்கினீர்கள்.

பெரியம்மா: உன் மைக்கில் "யாருது, யாருது" என்றுதான் கேட்டது. என்னுது என்று தூக்கினேன். என் காயை நாலு பேர் கண்ணுக்கு முன்னால் தூக்கிக் காட்டும்போது சும்மாவா இருப்பேன்?

(அந்த மைக்கில் எனக்கும் அப்படித்தான் கேட்டது. என் வீட்டில் பூசணிக்கொடி இல்லாததால் தப்பினேன்.)

பொருளாளர்: கான்ட்ராக்டர் 4,000 வரை வந்து நின்றார். உங்கள் கை 4,200. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முடிந்தது. ஏலத்தில் தூக்கின கையை இறக்க முடியாது, பெரியம்மா.

பெரியம்மா: வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று அதே ஆராதனையில்தானே நம் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணினார்? என் இடது கைக்கு ஒன்றுமே தெரியாது. இந்தா, நீயே கேட்டுப் பார்.

(முருங்கைக் கீரையோடு இடது கையை நீட்டுகிறார். பொருளாளர் நிஜமாகவே ஒரு கணம் அந்தக் கையைப் பார்க்கிறார்.)

பொருளாளர்: நூறு பேர் பார்த்தார்கள், பெரியம்மா. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டோம். 43 பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

பெரியம்மா: கூப்பினவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் 4,300 வருகிறது. உனக்கு நூறு ரூபாய் மிச்சம்.

பொருளாளர்: விளையாடாதீர்கள். இது காணிக்கை. உற்சாகமாய்க் கொடுக்க வேண்டும்.

பெரியம்மா: சரி, உற்சாகமாய்த் தருகிறேன். காயைக் கொண்டு வா.

பொருளாளர்: காய்... அசன விருந்துச் சாம்பாரில் போட்டாயிற்று.

பெரியம்மா: அப்போ என் காயை என்னிடமே விற்று, நீங்களே நறுக்கித் தின்றுவிட்டு, காசுக்கு என்னிடம் வந்திருக்கிறாய். ஓட்டலில்கூட சாப்பிட்டவனிடம்தானே பில்லை நீட்டுவார்கள்?

பொருளாளர்: நீங்களும்தானே பந்தியில் உட்கார்ந்தீர்கள்?

பெரியம்மா: மூன்றாம் பந்தி. வாளி என்னிடம் வரும்போது சாறுதான் இருந்தது. காய் எல்லாம் முதல் பந்தியில் கமிட்டிக்காரர்கள் இலைக்குப் போய்விட்டது. கையைத் தூக்கியும் கூப்பிட்டேன். அந்தக் கை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

பொருளாளர்: ...

பெரியம்மா: ஆறு கிலோ இருக்கும். பரவை மார்க்கெட்டில் கிலோ 20 என்று வைத்தாலும் 120 ரூபாய். மீதி 4,080 எதற்கு?

பொருளாளர்: மீதி ஆசீர்வாதம்.

பெரியம்மா: கிலோ 680 ரூபாயா! ஆட்டுக்கறியை நெருங்கிவிட்டதே ஆசீர்வாதம்.

பொருளாளர்: கட்டாயம் ஒன்றும் இல்லை, பெரியம்மா. இஷ்டப்பட்டுக் கொடுப்பதுதான்.

பெரியம்மா: அப்படியென்றால் போய்விட்டு வா.

பொருளாளர்: ரசீது போட்டுவிட்டேனே. நம்பர் போட்ட புத்தகம். தணிக்கையில் கேட்பார்கள்.

பெரியம்மா: எந்தக் கையால் எழுதினாய்?

பொருளாளர்: வலது... பெரியம்மா, அந்தக் கையை விடுங்கள்!

பெரியம்மா: கட்டாயம் இல்லாத சந்தாவுக்குத்தான் என் தங்கை மகன் கல்யாண ஓலையை நிறுத்தி வைத்தீர்களா? கல்யாணத்துக்கு முன் ஆராதனையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பு ஓலை. மூன்று வருடப் பாக்கியைக் கட்டின பிறகுதான் முதல் ஞாயிறே வந்தது. பெண் வீட்டார் பையனிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார்கள்.

பொருளாளர்: அது சபை விதி. சந்தா இல்லாமல் சபை எப்படி நடக்கும்? கரண்ட் பில், ஆலயப் பணியாளர் சம்பளம், மேலிடமான பேராயத்துக்குக் கட்டும் பங்கு. அரசாங்கமா தருகிறது?

பெரியம்மா: நான் தராமலா இருக்கிறேன்? முதியோர் பென்ஷன் 1,200. பத்தில் ஒன்று 120, மாதா மாதம் கவரில் போய்விடுகிறது. நீ கேட்கிற 4,200, என்னுடைய 35 மாதத் தசமபாகம். 35 மாதம் நான் இருப்பேன் என்று எழுதித் தருகிறாயா? அந்த ரசீதை வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன்.

பொருளாளர்: அப்படியெல்லாம் பேசக் கூடாது.

பெரியம்மா: பக்கத்து வீட்டு பாய் ஜகாத் எடுக்கிறார், நூற்றுக்கு இரண்டரை. அவரே கணக்குப் போட்டு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். பள்ளிவாசல் கட்டட வேலைக்கு அதில் கை வைக்கக் கூடாதாம், அதற்குத் தனிச் சந்தாவாம். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கும்போது உண்டியல் வண்டிகளும் கூடவே வருகின்றன. மதுரைவரைக்கும் மண்டகப்படி மண்டகப்படியாக நிற்கிறார். போடுகிறவன் போடுகிறான், போடாதவன் கும்பிட்டுவிட்டுப் போகிறான். உண்டியல் யார் பெயரையும் மைக்கில் சொல்வதில்லை.

பொருளாளர்: அவர்களோடு நம்மைச் சேர்க்காதீர்கள். நம் ஆட்களுக்குப் பெயர் சொன்னால்தான் கை வருகிறது. பாட்டன் காலத்துப் பழக்கம். அப்போது அமெரிக்காவிலிருந்து பணம் வந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஆரம்பித்த மிஷன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் செலவு. இப்போது யார் அனுப்புகிறார்கள்?

பெரியம்மா: ஊர்ச் சபையை நடத்தின உபதேசியாருக்கும் அமெரிக்காதான் படி அளந்ததா? எங்கள் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, கழுவுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து அடுப்படிப் பானையில் போடுவார். அடுப்பில் வேகாத நாளும் உண்டு, பானையில் போடாத நாள் கிடையாது. சனிக்கிழமை தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோம். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். புழுங்கல், பச்சை, குருணை எல்லாம் கலந்துதான். அதை விற்றுத்தான் உபதேசியார் சம்பளம். எந்தப் பிடி யாருடையது என்று அந்தச் சாக்குக்கே தெரியாது.

பொருளாளர்: அப்போது மைக் இல்லை, பெரியம்மா.

பெரியம்மா: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

(பொருளாளர் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். நல்ல மனிதர்தான். பொருளாளர் பதவிக்கு எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஜெயித்தவர்.)

பெரியம்மா: கான்ட்ராக்டர் நேற்று வேறு என்ன எடுத்தான்?

பொருளாளர்: எலுமிச்சம்பழம். 11,000.

பெரியம்மா: பணம் வந்துவிட்டதா?

பொருளாளர்: வரும். பெரிய மனிதர், திங்கட்கிழமை காலையிலேயே போய் வாசலில் நின்றால் நன்றாக இருக்காது.

பெரியம்மா: என் வாசலில் நின்றால் நன்றாக இருக்கிறது. சரி, போன வருடம் சேவல் எடுத்தானே, அது?

பொருளாளர்: அதில்... பாதி வந்திருக்கிறது.

பெரியம்மா: முகப்பில் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்களே, அது முழுதாகத்தானே வெட்டியிருக்கிறது? பாதிப் பெயர் இல்லையே?

பொருளாளர்: முழுப் பெயர். இனிஷியலோடு.

பெரியம்மா: கல்வெட்டுக்காரனுக்கு யார் பணம் கொடுத்தது?

பொருளாளர்: சபைக் கணக்கிலிருந்துதான்.

பெரியம்மா: அதாவது எங்கள் அம்மாவின் அரிசியிலிருந்து.

பொருளாளர் (எழுந்து): நான் அப்புறம் வருகிறேன். திருமங்கலம் பஸ் வந்துவிடும்.

பெரியம்மா: இரு. கூரைமேல் இன்னொரு காய் கிடக்கிறது, பார்த்தாயா? நேற்றுப் போனதைவிடப் பெரிசு.

பொருளாளர்: எங்கே? ஆமாம்... ஐயையோ, பஸ்! ஏய், நிறுத்துப்பா!

(கையைத் தூக்குகிறார். பஸ் நிற்காமல் போகிறது.)

பெரியம்மா: 4,200! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!

பொருளாளர்: பெரியம்மா, நான் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்!

பெரியம்மா: அதை உன் இடது கையிடம் சொல். ரசீதில் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக்கொள். காய் வேண்டுமானால் சாயங்காலம் ஏணியோடு வா.