தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் அப்புறம், முதலில் தூக்கம்

தமிழ்நாட்டில் 2025-இல் தீ ஆணையம் என்று ஒன்று அமைக்கப்பட்டது பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஓய்வுபெற்ற டிஜிபி சங்கர் ஜிவாலை அதன் தலைவராக நியமித்தார்கள். மத்தியில் எட்டாவது ஊதியக் குழுவுக்கும் அதே வருடம்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். அங்கே ஏறினால் கொஞ்சம் தள்ளி இங்கேயும் ஏறும். போன தடவை 2017 அக்டோபரிலிருந்துதான் நம் மாநில ஊழியர்கள் கைக்குப் பணம் வந்தது. ஆக, தீயணைப்புத் துறையில் சம்பளம் என்ன, வேலை நிலைமை என்ன, உண்மையில் அவர்கள் செய்கிற வேலைதான் என்ன என்று உட்கார்ந்து பேச இதுதான் நேரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சைச் சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள். வேலை நேரத்தில் ஆரம்பியுங்கள்.

என் பெரியப்பா மகன் டெல்டா பக்கம் ஒரு நிலையத்தில் இருக்கிறார். ஒரு நாள் முழுக்க டியூட்டி, மறுநாள் வீடு. சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் லீவா? கொடுத்து வைத்தவன்பா" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்குச் சராசரி 84 மணி நேரம். பிரிட்டனில் முழுநேரத் தீயணைப்பு வீரருக்கு வாரம் 42 மணி நேரம். சரிபாதி! அதிலும் அந்த "வீடு" நாள் முழுசாகக் கிடைக்கும் என்று யாரும் நம்பி இருக்க முடியாது. புயல் என்றால் வா, தீபாவளி என்றால் லீவு கிடையாது, தேர்த் திருவிழாவுக்கு வண்டியோடு காவல், முக்கியப் புள்ளி ஹெலிகாப்டரில் இறங்கினால் மைதானத்தில் தண்ணீர் வண்டியோடு நில்.

"ஸ்டேஷனில் தூங்கத்தானே செய்கிறார்கள்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். தூங்குகிறார்கள்தான். மணி அடித்தால் அடுத்த நிமிடம் வண்டியில் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு படுத்திருப்பது என்ன தூக்கம் என்று ஐசியூ வாசலில் ஒரு ராத்திரி படுத்தவர்களைக் கேளுங்கள். அண்ணி சொல்வார், வீட்டுக்கு வந்தும் முதல் அரை நாள் அவரிடம் எதுவும் பேச முடியாதாம்.

அடுத்தது வேலை. தீயை அணைப்பது இப்போது அவர்கள் வேலையில் ஒரு பங்குதான். மீதியைப் பட்டியல் போட்டால் மூச்சு வாங்கும். ஆனால் ஒன்றிரண்டைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். கிணற்றில் மாடு விழுந்துவிட்டது என்று போன் வரும். கயிற்றைக் கட்டித் தூக்கினால் மாட்டின் எடைக்கு வயிற்றை அறுத்துவிடும். அதனால் தண்ணீர் அடிக்கிற பழைய ஹோஸை எடுத்துப் பட்டையாக அடிவயிற்றில் சுற்றுவார்கள். அதைச் சுற்ற ஒரு ஆள் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். பயந்துபோன மாடு உதைத்துக்கொண்டிருக்கும் தண்ணீரில், அதன் வயிற்றுக்குக் கீழே கையை விட்டு. மேலே ஊரே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும். கதண்டு என்கிற விஷ வண்டின் கூடு இன்னொரு வகை. பகலில் கிட்டவே போக முடியாது. இருட்டிய பிறகு, பூச்சியெல்லாம் கூட்டுக்குள் அடைந்தபின், நீளமான கம்பில் பந்தம் கட்டிப் போவார்கள். விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டு வீங்கிப்போய் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பவர்களும் உண்டு. மோதிரத்துக்கு அடியில் நூலை விட்டு விரலை இறுக்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நழுவி வரும். இதை அண்ணன் செய்து பார்த்திருக்கிறேன். அத்தனை தடித்த விரல்களில் அத்தனை பொறுமை.

பாம்பைச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் நாள் முழுக்க பாம்புதான். கேரளாவில் வனத்துறை 'சர்ப்பா' என்று ஒரு செயலி வைத்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்புகிறது. அதே மாதிரி இங்கேயும் பாம்பு அழைப்பை மொத்தமாக வனத்துறைப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்பது என் கட்சி. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பாம்பு பிடிக்கப் போனாத்தான்டா தம்பி, தெருவுல நம்மள நாலு பேருக்குத் தெரியுது. தீ என்னைக்கோ ஒரு நாள்தானே" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பாம்பு பிடிக்க வண்டி போயிருக்கும் நேரத்தில் குடிசை பற்றிக்கொண்டால் யார் போவது?

1985-இல் வந்த சட்டத்தின் பெயரே தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம்; மீட்பு என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. அதற்குப் பிறகு 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். 2014-இல் மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்காத அடுக்குமாடி சரிந்து 61 பேர் போனார்கள். 2015-இல் சென்னை வெள்ளம். 2019-இல் மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்தத் துறையிடம் எதிர்பார்ப்பு கூடியது. பள்ளிகளில் ஒத்திகை நடத்து, கட்டடங்களைப் பார்த்துத் தடையில்லாச் சான்று கொடு, பட்டாசுக் கடைகளைச் சோதி. கூடின வேலைக்கு ஏற்ற ஆளைக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

ஆள் எடுக்கிற லட்சணத்தைப் பார்ப்போம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவருக்கும் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஒரே தேர்வுதான் வைக்கிறது. 2022 அறிவிப்பில் தீயணைப்பாளர் இடம் 120. அடுத்த வருடம் 674. ஒரு வருடம் தூறல், ஒரு வருடம் அடைமழை. ஒழுங்கான திட்டம் இருக்கிற துறையில் எண்ணிக்கை இப்படிக் குதிக்காது. இன்னொன்று, அந்த அறிவிப்புகளில் தீயணைப்பாளர் பணி ஆண்களுக்கு மட்டும். 2012-இல் சேப்பாக்கம் எழிலகம் தீயில் உள்ளே போய் உடம்பெல்லாம் தீக்காயம் பட்டுத் திரும்பிய அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் ஒரு பெண். அதிகாரியாகப் பெண் உள்ளே போகலாம், ஹோஸ் பிடிக்கிற இடத்துக்குப் பெண் விண்ணப்பிக்கக் கூடாதா? இதுவும் தீ ஆணையத்தின் மேசைக்குப் போக வேண்டிய விஷயம்.

சரி, சம்பளம். மூன்று வேலைக்கும் ஒரே அளவு, 18,200 முதல் 67,100 வரை. காவலருக்குச் சமமாகத் தருகிறார்களே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். அந்தச் சமத்தில் எனக்குக் குறை இல்லை. வாரத்துக்கு 84 மணி நேரத்தால் அந்தச் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. சம்பளத்தை ஐயாயிரம் கூட்டிவிட்டு நேரத்தை அப்படியே விட்டால் வீரர் வாங்கிக்கொள்வார், சந்தோஷப்படுவார், அதே களைப்போடு அடுத்த கட்டடத்துக்குள் ஏறுவார்.

அந்தக் கட்டடம் எப்படிப்பட்டதாக வேண்டுமானாலும் இருக்கலாம். 2020 தீபாவளிக்கு முந்தின ராத்திரி மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் தீ. பழைய கட்டடம். அணைத்துக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் அதற்குள்ளேயே போய்விட்டார்கள். நாமெல்லாம் விடிந்தால் தீபாவளி என்று படுத்திருந்த நேரம்.

இப்படிச் சாவது செய்தியாகிறது, நிவாரணம் அறிவிக்கிறார்கள். மெதுவாகச் சாவது செய்தியாவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ், புகையிலையெல்லாம் இருக்கிற அதே வகை. அதே 2022-இல்தான் பெருங்குடி குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்தது. பிளாஸ்டிக் புகைக்கு நடுவே நின்று தண்ணீர் அடித்தவர்கள் யார் யார், ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று ஒரு பதிவேடு வேண்டாமா? இருபது வருடம் கழித்து ஒருவருக்கு நுரையீரலில் ஏதாவது வந்தால் அந்தத் தாள்தான் அவருக்குச் சாட்சி. சீருடையைத் துவைக்க ஸ்டேஷனிலேயே வசதி வேண்டும். அண்ணன் வீட்டில் குழந்தைகள் துணியோடு சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

பிரிட்டனில் 2002-இல் இதே சண்டை நடந்தது. தீயணைப்பு வீரர்கள் சங்கம் வருடத்துக்கு 30,000 பவுண்டு சம்பளம் கேட்டு வேலை நிறுத்தத்தில் இறங்க, ராணுவம் பழைய பச்சை வண்டிகளோடு தீயணைக்கத் தெருவுக்கு வந்தது. ஜார்ஜ் பெய்ன் என்ற பேராசிரியர் தலைமையில் ஆய்வு நடந்தது. கடைசியில் மூன்று வருடத்தில் 16 சதவீத உயர்வு, அதற்கு ஈடாக வேலை முறையில் மாற்றம் என்று முடிந்தது. 2004-இல் வந்த சட்டத்தில் சாலை விபத்து மீட்பு அவர்களுடைய கடமையாகவே எழுதப்பட்டது. சங்கத்துக்கு அந்த ஒப்பந்தம் முழுக்கப் பிடிக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் சம்பளத்தையும் வேலையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினார்கள். நாம் சம்பளத்தை ஊதியக் குழுவிடமும், வண்டியை ஒன்றிய அரசுத் திட்டத்திடமும் விட்டுவிட்டு, ஆளை மறந்துவிடுகிறோம். 2023-இல் மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 5,000 கோடியில் ஒரு திட்டம் வந்தது. நல்லதுதான். புது வண்டி வந்தால் அதில் ஏற ஆள் வேண்டுமே.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இரண்டு குழு மாறி மாறிப் பார்ப்பதால்தான் 84. மூன்று குழு ஆக்கினால் 56, நான்கு என்றால் பிரிட்டன் மாதிரி 42. நான் நான்கு கேட்கவில்லை. மூன்றுக்கே இப்போது இருப்பதில் பாதி அளவு ஆள் கூடுதலாக வேண்டும், ஒரே வருடத்தில் முடியாது என்பதும் தெரியும். அழைப்பு அதிகம் வருகிற நிலையங்களில் முதலில் மூன்று குழு போடுங்கள். பாம்பை வனத்துறைக்குக் கொடுத்தால் கொஞ்சம் கை மிச்சமாகும். தேர்வாணையம் வருடா வருடம் சீராக ஆள் எடுக்கட்டும். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசலாம், நானே வந்து கூடுதலாகக் கேட்கிறேன்.